முதுகை நிமிர்த்த வீட்டிலேயே மரப் பெஞ்சு செய்ய வேண்டும்: வளைவு எவ்வளவு, எந்த மரம்?

முக்கூடல் டெய்லர்:

எல்லாருக்கும் வணக்கம். முக்கூடலில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மிஷின் முன்னால் குனிந்தே வேலை, பள்ளிக்கூட யூனிபார்ம் சீசனும் தீபாவளியும் வந்தால் ராத்திரியும் சேர்ந்துகொள்ளும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் எப்போதும் ஒரு இறுக்கம், கழுத்தைத் திருப்பினால் பிடிக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு யோகா வகுப்பில், மேல்பக்கம் வளைவாக இருக்கும் மரப் பெஞ்சு ஒன்றில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நெஞ்சு விரிந்து மூச்சு நன்றாக உள்ளே போனது, அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம். ஆனால் கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் பாளைக்குப் பஸ் ஏற முடியாது, அந்தப் பெஞ்சை ஆன்லைனில் பார்த்தால் விலை எனக்குக் கட்டுப்படியாகாது.

தெரிந்த ஆசாரி ஒருத்தர் இருக்கிறார், கதவு ஜன்னல் எல்லாம் அருமையாகச் செய்வார், ஆனால் இந்த மாதிரிச் சாமானை அவர் பார்த்ததில்லை. அளவைக் கொண்டு வா, செய்து தருகிறேன் என்கிறார். அதனால்தான் கேட்கிறேன். வளைவு எவ்வளவு வைப்பது, உயரம் எவ்வளவு, பிளைவுட்டை வளைத்துப் போடுவதா இல்லை ரீப்பர் (குறுகலான மரப் பட்டை) அடிப்பதா, நம்ம பக்கம் கிடைக்கிற மரத்தில் எது சரி? வீட்டில் வேப்பம் பலகை கொஞ்சம் கிடக்கிறது, அதுவே போதுமா?

இன்னொன்று, அம்மாவுக்கு 61 வயது. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள், மேல் முதுகு நன்றாகவே கூன் விழுந்துவிட்டது. அவர்களும் இதில் படுக்கலாமா? எனக்காகச் செய்வதைவிட அவர்களுக்கு உதவுமா என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடை மரவேலை:

தம்பி, தாராளமாகச் செய்யலாம். இதில் கஷ்டமான வேலை வளைவு ஒன்றுதான், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் ஆசாரியிடம் அப்படியே காட்டுங்கள்.

வகுப்பில் நீங்கள் பார்த்தது கால் வைத்த உயரமான பெஞ்சாக இருக்கும். வீட்டுக்கு அது வேண்டாம், தரையோடு உட்காரும் சின்னதே போதும். நீளம் 36 அங்குலம், அகலம் 14 அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பலகை, அவற்றின் மேல் விளிம்பு வளைவு, அந்த வளைவின் மேல் குறுக்காக ரீப்பர். இரண்டு முனையிலும் பலகை 3 அங்குல உயரம் இருக்கட்டும், நடுவில் அதிலிருந்து 6 அங்குலம் எழும்பட்டும்.

இந்த 36க்கு 6 அங்குல எழும்பலை வரைய ஆரம் எவ்வளவு என்று கேட்பார். நீளத்தில் பாதி 18. அதை அதாலேயே பெருக்கினால் 324. எழும்பலை இரட்டித்தால் 12. 324ஐ 12ஆல் வகுத்தால் 27, அதோடு எழும்பலில் பாதியான 3ஐக் கூட்டினால் 30. ஆக 30 அங்குல ஆரம், இரண்டரை அடி. எழும்பல் எத்தனை வைத்தாலும் இதே வழியில் போட்டுக்கொள்ளலாம். நூலில் பென்சிலைக் கட்டி வரையாதீர்கள், நூல் இழுபடும், வளைவு கோணிவிடும். ஒரு நீள ரீப்பரை எடுத்து ஒரு முனையில் ஆணி, அதிலிருந்து சரியாக 30 அங்குலத்தில் பென்சில் நுழைகிற துளை, அவ்வளவுதான். முதலில் அட்டையில் வரைந்து வெட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மரத்துக்குப் போங்கள். இரண்டு பலகையையும் ஒன்றாகச் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஜிக்சாவில் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும், கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு வெட்டி மிச்சத்தை அரத்தில் இழுத்துச் சமன் செய்யணும். தனித்தனியாக வெட்டினால் ஒரு பக்கம் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உயர்ந்து நிற்கும், அதைக் கண் கண்டுபிடிக்காது, முதுகு கண்டுபிடிக்கும்.

பக்கப் பலகைக்கு நிறையப் பேர் 18 எம்எம் பிளைவுட் போடுகிறார்கள். பிளையின் விளிம்பில் ஸ்க்ரூ பிடிப்பு குறைவு, ரீப்பரை அங்கே முடுக்கும்போது அடுக்கு பிளந்துகொள்ளும். பிளைதான் போடுவேன் என்றால் இரண்டு ஷீட்டை ஒட்டி 36 எம்எம் ஆக்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் உங்களிடம் இருக்கும் வேப்பம் பலகையே நல்லது, ஒன்றேகால் அங்குலக் கனமும் 9 அங்குல அகலமும் இருந்தால் போதும். ஆனால் எப்போது அறுத்தது என்று பாருங்கள். பச்சையாக அறுத்த வேம்பு காயும்போது முறுக்கும், வெடிக்கும். நன்றாகக் காய்ந்து வைரம் பாய்ந்த பலகை என்றால் கறையானும் அவ்வளவு லேசில் அரிக்காது.

மேல் ரீப்பருக்குத் தேக்கு இருந்தால் ராஜா. புதுத் தேக்கு வாங்க வேண்டியதில்லை, பழைய மட்டப்பா வீடு இடித்த மரம் விற்கிற கடைகளில் துண்டுத் தேக்கு கிடைக்கும். எத்தனையோ வருஷம் காய்ந்த மரம், இனி அசையாது. அதில் உடைந்த ஆணி உள்ளே கிடக்கும், மெஷினில் விடுவதற்கு முன்னால் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். அங்கே பனங்கட்டையும் மலிவாகத் தருவார்கள், உடம்பு படுகிற இடத்துக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள், அதன் சிராய் தோலில் ஏறினால் லேசில் வராது.

ரீப்பர் ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், 14 அங்குல நீளம். ரீப்பருக்கு ரீப்பர் கால் அங்குல இடைவெளி விட்டால் இந்த வளைவுக்கு 22 துண்டு வரும். மொத்தம் 26 அடி, சேதாரத்துக்குச் சேர்த்து 30 அடியாக வாங்குங்கள். நடு ரீப்பரை முதலில் அடித்துவிட்டு இரண்டு பக்கமும் இறங்கி வரணும், முனையிலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் இடைவெளி ஒத்துவராது. ஆணி வேண்டவே வேண்டாம், ஏறி இறங்கும் அசைவில் ஆணி கிளம்பி முதுகைக் கீறும். 8ஆம் நம்பர் ஸ்க்ரூ, ஒன்றரை அங்குலம், முதலில் 3 எம்எம் துளை போட்டுவிட்டு, தலை மரத்துக்குள் புதைகிற அளவுக்கு மேல்வாயை அகலப்படுத்தி முடுக்குங்கள். இரண்டு பக்கப் பலகையையும் சேர்க்கக் குறுக்குச் சட்டம் மூன்று, அதில் ஒன்று கட்டாயம் நடு உச்சிக்கு நேர் கீழே வர வேண்டும், பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். சட்டத்துக்குக் கழுந்தும் துளையும் (சட்டத்தின் முனையைச் செதுக்கிப் பலகையின் துளைக்குள் இறக்கும் மூட்டு) போட்டு ஃபெவிகால் வைத்தால் பெஞ்சு ஆடாது.

பிளையை வளைப்பது பற்றிக் கேட்டீர்கள். வளைவதற்கென்றே மெல்லிய பிளை வருகிறது, இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக் கிளாம்பில் ஒரு நாள் வைக்கணும். பார்க்க அழகு. ஆனால் ரீப்பரில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், காற்றும் போகும்.

பாளை பிசியோ:

மேலே அண்ணாச்சி மரவேலையை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார், நன்றி. ஆனால் 6 அங்குல எழும்பலில் ஆரம்பிக்க வேண்டாம் என்று ஒரு பிசியோதெரபிஸ்டாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதி 12 எலும்பு, இடுப்புப் பகுதி 5 எலும்பு. நெஞ்சுப் பகுதியோடு விலா எலும்புகள் சேர்ந்திருப்பதால் அது பின்னால் வளைவது குறைவு, இடுப்பு லேசாக வளையும். பெஞ்சு தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் என்ன நடக்கும் என்றால், இறுகிப்போன மேல் முதுகு அப்படியே இருக்கும், ஏற்கெனவே வளைகிற இடுப்பு இன்னும் வளைந்துகொடுக்கும். படுத்தவருக்கு நன்றாக நீட்டுவது போலத் தோன்றும், மறுநாள் இடுப்பு வலிக்கும். தையல் மிஷினில் குனிகிறவருக்கு விரிய வேண்டியது தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தில் இருக்கிற முதுகு, பெஞ்சின் உச்சி அங்கேதான் முட்ட வேண்டும். இடுப்புக் குழிக்கு நேராக உச்சி வந்தால் பெஞ்சில் கொஞ்சம் கீழே நகர்ந்து படுக்க வேண்டும்.

அதனால் மரம் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் ஜமுக்காளத்தை இறுக்கமாகச் சுருட்டித் தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு அடியில் குறுக்காக வைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி மல்லாந்து படுங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு. மூச்சு தடையில்லாமல் போக வேண்டும், இடுப்பில் கிள்ளுகிற உணர்வு இருக்கக் கூடாது. ஒரு நிமிஷம் நிம்மதியாகக் கிடக்க முடிகிற உயரம் எதுவோ, நீங்கள் படுத்திருக்கும்போதே தரையிலிருந்து முதுகு வரைக்கும் வேறு ஒருத்தரை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். படுத்தால் ஜமுக்காளம் அமுங்கும், அதனால் சும்மா கிடக்கும்போது அளந்தால் தப்பான கணக்கு வரும். அந்த அளவுதான் உங்கள் எழும்பல். முதல் தடவை செய்கிறவர்கள் பலருக்கும் 4 அங்குலமே ஜாஸ்தியாகத் தெரியும். தாழ்வாகச் செய்த பெஞ்சில் மேலே ஒரு ஜமுக்காளம் மடித்துப் போட்டு உயர்த்திக்கொள்ளலாம், உயரமாகச் செய்துவிட்டால் தாழ்த்த வழியில்லை.

இப்போது அம்மா. தயவுசெய்து அவர்களை இந்தப் பெஞ்சில் படுக்க வைக்காதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறையும். கூன் விழுவது சில பேருக்குத் தசை இறுக்கத்தால், சில பேருக்கு முதுகெலும்பே முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவமாக ஆகிவிடுவதால். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டாவது வகையில் கட்டையின் மேல் வைத்து நிமிர்த்தப் பார்த்தால் பலவீனமான எலும்பு முறியலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் காட்டினால் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார்கள், தேவைப்பட்டால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எழுதுவார்கள்.

அதுவரை அம்மாவுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. பீடித் தட்டு மடியில் இருப்பதால்தான் கழுத்து அவ்வளவு குனிகிறது, அகலமான ஒரு சின்னப் பலகையைத் தொடை மேலோ முன்னாலோ வைத்துத் தட்டை நாலைந்து அங்குலம் உயர்த்தினாலே குனிவது குறையும். சுவரில் முதுகு சாயும்படி, அடியில் மடித்த போர்வை போட்டு உட்காரச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் சுவரில் மெதுவாக மேலே ஏற்றி இறக்கட்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று அவர்கள் யோசிப்பார்கள், எனக்குத் தெரியும். ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம் போதும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் சேர்த்து: கால் வரைக்கும் இறங்குகிற வலி, மரத்துப் போதல், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், தலைசுற்றல், முதுகெலும்பு நழுவல், இதில் ஏதாவது இருந்தால் பெஞ்சு வேண்டாம். சிறுநீர் போவதில் திடீர்ச் சிக்கல், தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாமை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பத்தமடைக்காரன்:

நல்ல விஷயம் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் 1887இல் பிறந்து, மலேயாவில் டாக்டராக வேலை பார்த்து, அப்புறம் ரிஷிகேஷ் போனவர் சுவாமி சிவானந்தர். அந்த வழியில் பெஞ்சு, கட்டை எதுவும் கிடையாது, புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம் என்று தரையில் கவிழ்ந்து படுத்து உடம்பின் பலத்தாலேயே முதுகைத் தூக்குவதுதான். நான் அப்படித்தான் செய்து வருகிறேன். பெஞ்சு கூடாது என்று சொல்ல வரவில்லை. பெஞ்சில் சும்மா கிடந்தால் முன்பக்கம் நீளும், ஆனால் முதுகுத் தசைக்குப் பலம் வராது, பலம் இல்லாவிட்டால் மறுநாள் மிஷினில் உட்கார்ந்ததும் திரும்பக் குனிந்துவிடும். பெஞ்சில் இரண்டு நிமிஷம் கிடந்தால் அப்புறம் இரண்டு நிமிஷம் புஜங்காசனமோ சலபாசனமோ செய்யுங்கள், நெற்றியைத் தரையில் வைத்து ஆரம்பித்து, தலையோடு நெஞ்சைக் கொஞ்சம் தூக்கினாலும் போதும்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கோரைப் பாயை விரித்து வைத்துக்கொண்டால் இறங்கி அதிலேயே செய்யலாம். கல்யாணப் பட்டுப் பாய் வேண்டாம், சாதாரண முரட்டுக் கோரை போதும்.

பாளை பிசியோ:

பத்தமடை அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் எழுத விட்டதை அவர் எழுதிவிட்டார்.

செங்கோட்டை யோகா டீச்சர்:

தம்பி, நீங்கள் வகுப்பில் படுத்த பெஞ்சு பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் வருவது. பெல்ட், கட்டை, போர்வை, நாற்காலி, பெஞ்சு என்று கருவிகளை ஆசனத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் அவர்தான், 1975இல் புனேயில் திறந்த அவருடைய நிலையத்திலிருந்து இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் போனது. அந்த உயரமான பெஞ்சில் செய்வது விபரீத தண்டாசனம், தலை கீழே தொங்கும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். வீட்டில் தனியாகச் செய்ய அது வேண்டவே வேண்டாம், கல்லிடை அண்ணாச்சி சொன்ன தரைப் பெஞ்சுதான் சரி.

எப்படி ஏறி இறங்குவது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, என் வகுப்பில் வலி வருகிறவர்களுக்கெல்லாம் அது இறங்கும்போதுதான் வருகிறது. பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, முதுகை ஒவ்வொரு ரீப்பராக இறக்குங்கள். தலை இன்னொரு முனையில் ரீப்பரின் மேலேயே இருக்க வேண்டும், தாடை மேலே தூக்கினால் அடியில் துண்டு வையுங்கள். பாதம் தரையில், முழங்கால் மடக்கி. பழகிய பிறகு காலை நீட்டலாம், குதிகாலுக்கு அடியில் ஒரு செங்கல். முதல் வாரம் அரை நிமிஷம், ஒரு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும். இறங்கும்போது வயிற்றை எக்கி நேராக எழுந்து உட்காரவே கூடாது. ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, பாயில் இறங்கிக் கொஞ்ச நேரம் முழங்காலை மடக்கிச் சும்மா கிடங்கள். உடனே முன்னால் குனிந்து காலைத் தொடப் பார்க்கிறார்கள், அதுவும் கூடாது, கொஞ்சம் பொறுத்து முழங்காலை நெஞ்சுக்கு மெதுவாக இழுத்தால் போதும்.

எங்கள் பக்கம் ஆனி ஆடியில் சாரல் விழும்போது மரம் ஈரத்தை இழுத்து ஊதும், தென்காசி, குற்றாலம் பக்கத்தில் இருந்து யாராவது இதைப் படித்துச் செய்தால் ரீப்பர் இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

முக்கூடல் டெய்லர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரியே ஜமுக்காளத்தைச் சுருட்டிப் படுத்துப் பார்த்தேன், தங்கச்சி ஸ்கேல் வைத்து அளந்தாள், நாலு அங்குலம்தான் நிம்மதியாக இருக்கிறது, அதற்கு மேல் போனால் பிசியோ அக்கா சொன்ன மாதிரி இடுப்பில் கிள்ளுகிறது. அம்மாவை வருகிற வாரம் ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப் போகிறேன். பீடித் தட்டுக்கு அடியில் என்னுடைய பழைய கட்டிங் பலகையில் ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன், முதலில் வேண்டாம் என்றார்கள், இப்போது எடுக்க விடுவதில்லை.

கல்லிடை அண்ணாச்சிக்கு மூணு கேள்வி. நாலு அங்குலத்துக்கு ஆரம் 42.5 வருகிறது, சரிதானா? மேலே வார்னிஷ் அடிக்கலாமா? வீட்டில் மொசைக் தரை, பெஞ்சு வழுக்குமே?

கல்லிடை மரவேலை:

42.5 சரி. ரீப்பர் ஒன்று குறைந்து 21 வரும், மற்றதெல்லாம் அதே அளவு.

வார்னிஷ் வேண்டாம், வேர்வை பட்டால் வழுக்கும். ஒவ்வொரு ரீப்பரின் மேல் விளிம்பையும் இழைப்புளியில் உருட்டிவிட்டு, 80, 120, 220 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு, கையை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தால் எங்கேயும் மாட்டக் கூடாது. அப்புறம் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், வெயிலில் விரித்துக் காயப்போட்டு அப்புறம் தூக்கி எறியணும். தையல் கடையில் துணி எங்கும் கிடக்கும், அதனால் குறிப்பாகச் சொல்கிறேன்.

மொசைக்குக் கவலைப்படாதீர்கள். சைக்கிள் கடையில் பழைய டயர் ஒன்று வாங்கி, பக்கப் பலகையின் அடி விளிம்பு நீளத்துக்குப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்கும்படி சின்ன ஸ்க்ரூவில் முடுக்குங்கள், ஸ்க்ரூ தலை ரப்பருக்குள் புதையணும், இல்லாவிட்டால் தரை கீறும். வேலை முடிந்ததும் நீங்கள் படுப்பதற்கு முன்னால் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை நடு உச்சியில் அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ரீப்பர் எதுவும் தொய்ந்திருக்கிறதா, குறுக்குச் சட்டத்தின் மூட்டில் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாசம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை முடுக்கணும், வேம்பு கொஞ்சம் அசைந்துதான் நிலைக்கு வரும்.